சிரிக்க வைத்தவர் அலற வைத்தார்

வழக்கமான ஆசிரியர் அன்று வரவில்லை. அவருக்குப் பதிலாக இன்னொருவர் வகுப்புக்கு வருகிறார். முகத்தில் கடுகடுப்பு. வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பிக்கிறார். ‘ஜாக்குலின்’ என்ற பெயரை ‘ஜே-குவெல்லின்’ என்கிறார். ‘பிளேக்’ என்ற பையன் ‘பலாக்கே’ ஆகிறான். ‘டெனிஸ்’ என்ற பெண் ‘டீ-நைஸ்’ ஆகிறாள். ‘ஆரன்’ பாவம், ‘ஏ-ஏ-ரான்’ ஆகிவிடுகிறான். ஒவ்வொருவரும் தயங்கித் தயங்கித் தங்கள் பெயரைத் திருத்தச் சொல்ல, ஆசிரியரின் கோபம் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் ‘திமோத்தி’யையும் கன்னாபின்னாவென்று உடைத்துக் கத்துகிறார். இவனும் மறுக்கப்போகிறான் என்று நாம் காத்திருக்கிறோம். அவனோ உற்சாகமாக, ஆசிரியரைப் போலவே சொல்லைத் திரித்து, ‘வந்திருக்கிறேன்’ என்கிறான்!

இது 2012இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த குட்டி நாடகம். ஆசிரியராக நடித்தவர் கீகன் மைக்கேல் கீ. கடைசியில் குரல் கொடுக்கும் திமோத்தி, ஜோர்டன் பீல். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் இப்படிப்பட்ட சிரிப்பு நாடகங்களை ‘ஸ்கெட்ச்’ என்பார்கள். ‘கீ அண்ட் பீல்’ என்ற அந்த நிகழ்ச்சி 2012 முதல் 2015 வரை ஓடியது. இருவரும் சேர்ந்து ஏறக்குறைய முந்நூறு ஸ்கெட்ச்களை அதில் செய்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்து இரண்டே ஆண்டில், 2017இல், பீல் எழுதி இயக்கிய முதல் படம் ‘கெட் அவுட்’ வெளிவந்தது. அது நகைச்சுவைப் படம் இல்லை. திரையரங்கில் பெரியவர்களே நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்த திகில் படம்! 45 லட்சம் டாலரில் எடுத்த படம், 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதும் கிடைத்தது. அந்தப் பிரிவில் விருது வாங்கிய முதல் கறுப்பின எழுத்தாளர் அவர்தான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருடைய திகில் படங்கள் பெரியவர்களுக்கானவை. நீங்கள் வளர்ந்த பிறகு பார்க்கலாம், அவசரம் இல்லை. ஆனால் அவருடைய வேலைக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் உங்களுக்கு இப்போதே புரியும். முந்நூறு முறை சிரிக்க வைத்த ஒருவருக்கு, பயமுறுத்தும் வித்தை எப்படி இவ்வளவு சீக்கிரம் கைவந்தது?

முதலில் ஒரு சின்னச் சோதனை. உங்கள் உள்ளங்காலை நீங்களே கிச்சுகிச்சு மூட்டிப் பாருங்கள். சிரிப்பு வராது. உங்கள் அண்ணனோ தங்கையோ செய்தால் துள்ளிக் குதிப்பீர்கள். விரலும் விரல்தான், காலும் அதே கால்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? லண்டனில் சாரா ஜேன் பிளேக்மோர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1998இல் மூளையை ஸ்கேன் செய்து இதை ஆராய்ந்தார்கள். நம் கை நகரும்போதே, அது எங்கே எப்படித் தொடும் என்பதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. கணித்தபடியே நடந்தால், அதை மூளை பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொருவர் கை எங்கே தொடும் என்று கணிக்க முடியாது. அதனால்தான் அந்தத் துள்ளல்.

நம் மூளை ஓயாமல் இப்படி அடுத்தது என்ன என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. படியில் இறங்கும்போது, பந்தைப் பிடிக்கும்போது, ஒருவர் பேசப் பேச அடுத்த சொல்லை எதிர்பார்க்கும்போது, எல்லாம் இந்த ஊகம்தான். இப்போது அந்த வகுப்பறைக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். நான்கு மாணவர்கள் வரிசையாகப் பெயரைத் திருத்தியபோதே, ஐந்தாவதும் அப்படித்தான் நடக்கும் என்று உங்கள் மூளை முடிவுகட்டிவிட்டது. திமோத்தி அதைக் கவிழ்த்துவிட்டான்.

ஊகம் கவிழ்ந்தால் எப்போதும் சிரிப்புதான் வருமா? வராது. இருட்டில் கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ ‘பே!’ என்று கத்தினாலும் ஊகம் கவிழ்கிறதே! கைக்குழந்தையை மாமா தூக்கிப்போட்டுப் பிடித்தால் கலகலவென்று சிரிக்கும். முன்பின் தெரியாத ஒருவர் அதே உயரத்துக்குத் தூக்கிப்போட்டால் வீறிட்டு அழும். அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். ஏதோ ஒன்று முறைதவறி நடக்க வேண்டும். அதே நேரத்தில் அதனால் ஆபத்து இல்லை என்றும் மனதுக்குத் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சிரிப்பு வரும். ‘ஆபத்து இல்லை’ என்ற உறுதியை எடுத்துவிட்டால் அதே சம்பவம் பயமாகிவிடும். ஜோர்டன் பீலின் தொழில் ரகசியம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எதிர்பார்ப்பை அடுக்கி, சரியான நொடியில் கவிழ்க்கும் பயிற்சியை அவர் ஸ்கெட்ச் மேடையில் ஆண்டுக்கணக்கில் எடுத்துவிட்டார். அந்த உறுதியைக் கூட்டவும் குறைக்கவும் கற்றுக்கொள்வதுதான் பாக்கி இருந்தது.

அவர் நியூயார்க்கில் 1979இல் பிறந்தவர். அம்மாதான் தனியாக வளர்த்தார். சின்ன வயதில் நிறையப் பயப்படும் பையன். பள்ளியிலிருந்து வெளியூர் போனபோது, தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருந்த நண்பர்களுக்கு ஒரு பயங்கரக் கதை சொல்லியிருக்கிறார். எல்லோரும் வெலவெலத்துப்போக, கதை சொன்னவருக்கு மட்டும் பயம் போய்விட்டதாம். இதை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கல்லூரியைப் பாதியில் விட்டு, சிகாகோவிலும் ஆம்ஸ்டர்டாமிலும் மேடை நகைச்சுவை பழகி, 2003இல் ‘மேட் டிவி’ என்ற நிகழ்ச்சியில் சேர்ந்தார். அங்கேதான் கீயுடன் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார்.

இனி பயத்தின் அறிவியலுக்கு வருவோம். திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பில் என்ன நடக்கிறது? ஒரு நொடியை இருபது பங்காக்கினால், அதில் ஒரு பங்கு நேரம் முடிவதற்குள் இமைத் தசை சுருங்கத் தொடங்கிவிடும். தோள் உயரும், கழுத்து உள்வாங்கும். இதற்கான உத்தரவு மூளைத்தண்டிலிருந்து வருகிறது. அது என்ன சத்தம் என்று உங்களுக்குப் புரிவதற்கு இதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். அதற்குள் அமிக்டலா என்ற, பாதாம் பருப்பு அளவேயான பகுதி அபாயச் செய்தியைப் பரப்பிவிடுகிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் தடதடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ‘அட, பூனை தட்டை உருட்டிவிட்டது’ என்று யோசிக்கும் மூளை சொல்லி முடிக்கும்போது நீங்கள் ஏற்கெனவே துள்ளியிருப்பீர்கள். காட்டில் வாழ்ந்த நம் முன்னோருக்கு இந்த அவசரம் உயிர் காத்த வரம். சருகு சலசலத்தால் முதலில் குதிப்பது நல்லது, புலியா காற்றா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அட்ரினலின் உடனே வடிந்துவிடாது. ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகும் இதயம் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டேதான் இருக்கும். அந்தப் படபடப்பு, அடுத்து வரும் உணர்ச்சியோடு ஒட்டிக்கொண்டு அதைப் பெரிதாக்கும் என்று டால்ஃப் ஸில்மன் என்ற ஆய்வாளர் 1970களில் காட்டினார். திகில் படம் ஓடும் அரங்கில் ஒரு அலறல் கேட்டதும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டே சிரிப்பலை வருகிறதே, அது இதனால்தான். கூட்டமும் இதற்குத் துணை. தனியாக இருக்கும்போதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர்கள் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று ராபர்ட் புரோவைன் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார்.

பயத்தில் இன்பம் உண்டு என்றால், அதற்கு அளவு உண்டா? டென்மார்க்கில் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பொழுதுபோக்குக்காகப் பயமுறுத்தும் ஒரு ‘பேய் வீட்டுக்கு’ வந்த 110 பேருக்கு இதயத்துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டி அனுப்பினார்கள். 2020இல் முடிவு வெளியானது. பயம் மிகக் குறைவாக இருந்தவர்களுக்குச் சலித்துப்போனது. மிக அதிகமாக இருந்தவர்களுக்கும் பிடிக்கவில்லை. நடுவில் இருந்தவர்களே அதிகம் ரசித்தார்கள். இந்த நடு அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதனால் உங்கள் நண்பனுக்குப் பிடித்த படத்தைப் பார்க்க உங்களுக்குப் பயமாக இருந்தால், வெட்கப்பட எதுவும் இல்லை. எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

‘கெட் அவுட்’ படத்தில் கிறிஸ் என்ற கறுப்பின இளைஞர், தன் தோழியின் பெற்றோரைப் பார்க்கப் போகிறார். அவர்கள் வெள்ளையர்கள். எல்லோரும் அளவுக்கு மீறி அன்பாகப் பேசுகிறார்கள். ஆனாலும் ஏதோ சரியில்லை என்று அவருடைய மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது. படத்தின் தொடக்க இசையில் ஸ்வாஹிலி என்ற ஆப்பிரிக்க மொழியில் குரல்கள் பாடுகின்றன. மூதாதையர் சொல்வதைக் கேள், ஓடிவிடு என்று அவை எச்சரிக்கின்றன. கிறிஸுக்கு அந்த மொழி தெரியாது.

படத்தின் முடிவைப் பாருங்கள். ஆபத்திலிருந்து தப்பிய கிறிஸ் சாலையில் நிற்கிறார். சுழலும் விளக்குடன் ஒரு வண்டி வருகிறது. உதவி வந்துவிட்டது என்றுதானே நினைக்க வேண்டும்? ஆனால் பார்த்தவர்களுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. தவறு செய்யாத கறுப்பினத்தவர்மீதும் போலீசின் சந்தேகம் விழுந்துவிடும் என்பது அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த கொடுமை. பீல் முதலில் படமாக்கிய முடிவில் வந்தது போலீஸ்தான். கிறிஸ் சிறைக்குப் போவார். பிறகு அவர் அதை மாற்றினார். வண்டிக் கதவு திறக்க, உள்ளேயிருந்து இறங்குவது கிறிஸின் வேடிக்கையான நண்பர் ராட்! விமான நிலையப் பாதுகாப்பில் வேலை பார்க்கிறவர், அலுவலக வண்டியை எடுத்துக்கொண்டு தேடி வந்துவிட்டார். அரங்குகள் கைதட்டலில் அதிர்ந்தன. திமோத்தி செய்த அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. ஆனால் இங்கே கவிழ்ந்தது பார்வையாளர்கள் வாழ்நாள் முழுக்கச் சுமந்திருந்த எதிர்பார்ப்பு. இந்தப் படத்தை எழுதுவதை, முடியாத காரியம் என்று எண்ணி ஏறக்குறைய இருபது முறை நிறுத்தியதாக ஆஸ்கர் மேடையில் பீல் சொன்னார்.

நகைச்சுவைக்கும் திகிலுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் இசைதான் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். இதை விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிட வேண்டாம். கலிபோர்னியாவைச் சேர்ந்த டேனியல் புளூம்ஸ்டைன் ஒரு விலங்கியலாளர். மலைகளில் வாழும் மர்மோட் என்ற கொழுகொழு பிராணிகளை ஆராய்கிறவர். மர்மோட் குட்டியைப் பிடித்தால், சில நேரம் அது கரகரவென்று பிசிறடித்து அலறும். குரல்நாண்கள் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி அதிரும்போது ஒலி இப்படி உடையும். மனிதக் குழந்தை வீறிடும்போதும் இந்தப் பிசிறு உண்டு. கேட்கிறவர்களால் அதைப் புறக்கணிக்கவே முடியாது. திரைப்பட இசையிலும் இது இருக்குமோ என்று அவருக்குத் தோன்ற, 102 பிரபலமான படங்களின் ஒலியை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார். திகில் படங்களில் இந்த வகைப் பிசிறொலிகள் நிறைந்திருந்தன. அந்த இசையமைப்பாளர்கள் மர்மோட்டைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். காதே அவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறது.

பீலின் இரண்டாவது படம் ‘அஸ்’, 2019இல் வந்தது. அதில் இசையமைப்பாளர் மைக்கேல் ஏபல்ஸ், கொண்டாட்டங்களில் ஒலித்த 1995ஆம் ஆண்டின் ஒரு ராப் பாடலை எடுத்துக்கொண்டார். மெட்டு அதுவேதான். வேகத்தைக் குறைத்து, வயலின்களைக் கூராக ஒலிக்கவிட்டதும் முதுகுத்தண்டு சில்லிட்டுப்போகிறது!

அந்தப் படத்தின் கதை, தன்னைப் போலவே இருக்கும் இன்னொருவரைச் சந்திப்பது பற்றியது. கண்ணாடியில் தெரியும் முகத்தைக் கண்டு எப்போதாவது மிரண்டிருக்கிறீர்களா? இத்தாலியில் ஜியோவன்னி கபுட்டோ என்ற உளவியலாளர், மங்கலான வெளிச்சத்தில் 50 பேரைப் பத்து நிமிடம் கண்ணாடியைப் பார்த்தபடி உட்காரச் சொன்னார். மூன்றில் இரண்டு பேருக்குத் தங்கள் முகமே பயங்கரமாகக் கோணிக்கொண்டு தெரிந்தது. சிலருக்கு முன்பின் தெரியாத ஆள் தெரிந்தார், சிலருக்கு விலங்கின் முகம். பேய் எதுவும் அங்கே வரவில்லை. ஒரே புள்ளியை அசையாமல் பார்த்தால், அதைச் சுற்றியிருப்பவை மெல்ல மங்கி மறையும். டிராக்ஸ்லர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் 1804இலேயே இதைக் குறித்துவைத்தார். மாறாமல் இருக்கும் செய்தியை மூளை ஒதுக்கிவிடும். விட்டுப்போன இடங்களை ஊகத்தால் நிரப்பும். முகங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில் நம் மூளைக்கு அபாரத் திறமை என்பதால், நிரப்பும்போது வேறு முகங்களைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. இரவில் குளியலறைக் கண்ணாடி உங்களை மிரட்டினால் விளக்கைப் போடுங்கள், கண்ணை நாலு முறை சிமிட்டுங்கள். மூளைக்குப் புதுச் செய்தி போனதும் உங்கள் முகம் திரும்பி வந்துவிடும்.

இந்த மூன்று படங்களில் அறிவியல் பிரியர்களுக்கு மிக நெருக்கமானது 2022இல் வந்த ‘நோப்’ என்பேன். கலிபோர்னியாவின் வறண்ட மலைப்பகுதியில் ஒரு குதிரைப் பண்ணை. வானத்தில் நாள்கணக்காக ஒரு மேகம் நகராமல் நிற்கிறது. அதற்குள் ஒளிந்திருப்பது விண்கலம் என்று நினைக்கிறார்கள். அது விலங்கு! இந்தக் கற்பனை விலங்கை உருவாக்க, ஜெல்லி மீன்கள் எப்படி நீந்துகின்றன என்று ஆராயும் கால்டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டபிரியிடம் படக்குழு ஆலோசனை கேட்டது. ஜெல்லி மீனை நம் மீனவர்கள் சொறி என்பார்கள். எலும்பும் இதயமும் மூளையும் இல்லாத அது, குடைபோன்ற உடலைச் சுருக்கி விரித்துத் தண்ணீரைத் தள்ளியே நகர்கிறது.

படத்தின் இரவுக் காட்சிகள் பலவற்றைப் பட்டப்பகலில் எடுத்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? உண்மையான இரவில் இவ்வளவு பெரிய பள்ளத்தாக்கு முழுவதற்கும் விளக்குப் போட முடியாது. ஒளிப்பதிவாளர் ஹோய்டே வான் ஹோய்டெமா இரண்டு கேமராக்களை ஒரே காட்சியைப் பார்க்கும்படி இணைத்தார். ஒன்று சாதாரணமாக நிறங்களைப் பதிவுசெய்தது. இன்னொன்று நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பதிவுசெய்தது. வானம் ஏன் நீலம் என்று படித்திருப்பீர்கள். அலைநீளம் குறைந்த நீல ஒளியைக் காற்று மூலக்கூறுகள் அதிகம் சிதறடிக்கின்றன. அகச்சிவப்பின் அலைநீளம் அதிகம், அதனால் மிகக் கொஞ்சம்தான் சிதறும். ஆகவே அகச்சிவப்பில் பார்த்தால் தெளிந்த பகல் வானம் கன்னங்கரேலென்று இருக்கும்! அந்தக் கறுப்பு வானத்தையும் மற்ற கேமராவின் நிறங்களையும் கணினியில் சேர்த்தார்கள், உச்சி வெயில் நடுநிசியாகிவிட்டது. அகச்சிவப்பை நீங்களும் பார்க்கலாம். டிவி ரிமோட்டின் முனையைக் கைபேசிக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் திரையில் மினுக்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் முயலுங்கள்.

அந்தப் படத்தில் ஒரு விதி உண்டு. வானத்து விலங்கை நேராகப் பார்க்கிறவர்களைத்தான் அது தாக்கும். குதிரைகளைப் பழக்கும் கதாநாயகன் இதைக் கண்டுபிடித்து, தலையைக் குனிந்துகொண்டு தப்பிக்கிறான். கதைக்காக வைத்த விதி என்று எண்ண வேண்டாம். வெறித்துப் பார்ப்பதைப் பல குரங்கினங்கள் மிரட்டலாகவே எடுத்துக்கொள்கின்றன. இங்கிலாந்துக் கடற்கரைகளில், தின்பண்டத்தைப் பறிக்க வரும் கடற்காகங்களை 2019இல் சோதித்தார்கள். மனிதர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அவை உணவை நெருங்கச் சராசரியாக 21 நொடி கூடுதலாகத் தயங்கின. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக் காக்கைகளும் இப்படித்தான். வேறு பக்கம் பார்த்தபடி வருகிறவரைவிட, நேராகப் பார்த்தபடி வருகிறவரைக் கண்டால் சீக்கிரமே பறந்தன. வருகிறவர் சிரித்த முகமா சிடுமூஞ்சியா என்பதை அவை பொருட்படுத்தவில்லை.

நம் ஊர்க் காக்கை வேறு இனம். அதுவும் இப்படித்தானா என்று நீங்களே பார்க்கலாம். மொட்டை மாடியிலோ பள்ளித் திடலிலோ காக்கை உட்கார்ந்திருக்கும்போது, அதைப் பார்த்தபடி ஒரே சீராக நடந்து போங்கள். அது பறந்த இடத்துக்கும் நீங்கள் நின்ற இடத்துக்கும் இடையே எத்தனை அடி என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு காக்கையிடம் தரையைப் பார்த்தபடி அதே வேகத்தில் போங்கள். அது எப்போது பறக்கிறது என்று நண்பர் ஒருவர் கவனித்துச் சொல்லட்டும். இரண்டு விதத்துக்கும் தலா குறைந்தது பத்துக் காக்கைகள் வேண்டும். கூடு கட்டும் பருவத்தில் மட்டும் வேண்டாம், தலையில் கொத்திவிடும்.